சந்தனம் வைக்க வேண்டிய இடம்

முப்பத்திரண்டு வருடம் நான் பார்த்ததெல்லாம் ஓட்டைகளைத்தான். பைக் என்ஜினின் வெளிக்கூட்டை எங்கள் கம்பெனியில் கேஸ் என்போம். அதில் தண்டு போய் உட்காரும் துளை அளவாக இருக்கிறதா, நேராக இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. சரியாக இருந்தால் பச்சை மை, தப்பாக இருந்தால் சிவப்பு மை. ஓசூர் சிப்காட்டில் குவாலிட்டி டிபார்ட்மெண்டில் சேர்ந்தேன், அதே டிபார்ட்மெண்டிலிருந்து மாலை போட்டு வழியனுப்பப்பட்டேன்.

அப்படிப்பட்ட நான் போன வருடம் ஜாவாவில், யோக்யகர்த்தா என்ற ஊரின் பல்கலைக்கழகம் ஒன்றில், தென்கிழக்கு ஆசியாவை ஆராய்கிறவர்கள் கூடிய மாநாட்டில் பேசினேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்க நான் நிற்கும் போட்டோவை எங்கள் பழைய டிபார்ட்மெண்டின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதும் பையன்கள் பிடித்துக்கொண்டார்கள்.

"அண்ணா, ஐ.டி.ஐ. படிச்சவங்கள அங்க எப்படி உள்ள வுட்டாங்க?" என்று ஒருவன். "டீ குடுக்கப் போனீங்களா?" என்று இன்னொருவன். அவர்களுக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் பெருமையடித்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்குமுன் ஒரு தப்பையும் சொல்லியாக வேண்டும்.

என் பெயர் முனிராஜ். தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். ஐ.டி.ஐ. முடித்து அப்ரெண்டிஸாகச் சேர்ந்த முதல் இரண்டு வருடம் எண்ணெய் துடைத்ததையும் திட்டு வாங்கியதையும் தவிரச் சொல்ல ஒன்றுமில்லை. அளவுக்கருவியைக் குழந்தை மாதிரிப் பிடிக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டேன். மத்திகிரியில் வீடு வாடகைக்கு எடுத்தேன், கல்யாணம் ஆனது. என் மனைவி சரோஜா பேச்சில் என்னைவிடக் கெட்டிக்காரி.

எங்கள் கம்பெனி ஜாவாவில் கரவாங் என்ற இடத்தில் ஒரு தொழிற்சாலை கட்ட முடிவு செய்தபோது, அங்கே வேலை செய்யப்போகும் பன்னிரண்டு பேரை மூன்று மாதப் பயிற்சிக்கு ஓசூருக்கு அனுப்பினார்கள். அவர்களில் ஒருவர் வாஹ்யூ. என்னைவிடப் பதினைந்து வயது சிறியவர், ஒல்லி, மெல்லப் பேசுவார். மத்திகிரியில் எங்கள் எதிர்வீட்டு மாடியில்தான் தங்கியிருந்தார். என்னை 'பாக்' என்பார். அவர்கள் மொழியில் ஐயா என்று அர்த்தம். நானும் அவரை அப்படியே பாக் வாஹ்யூ என்று கூப்பிட்டேன். சரோஜா செய்யும் ராகிக் களியை முதல் நாள் சந்தேகமாகப் பார்த்தவர், மூன்றாம் வாரம் தானே வந்து கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எதைக் கேட்டாலும் "பரவால்ல" என்று சொல்லக் கற்றுக்கொண்டார். பஸ்ஸில் காலை மிதித்தாலும் பரவால்ல, சாப்பாட்டில் காரம் தூக்கலாக இருந்தாலும் பரவால்ல.

அந்த மூன்று மாதத்தில் ஆயுத பூஜை வந்தது. ஓசூரில் ஆயுத பூஜை என்றால் உங்களுக்குத் தெரியும். மெஷின் மெஷினாகக் கழுவி, பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, பொரியும் லட்டும் கட்டிக் கொடுத்து அனுப்புவார்கள். வாஹ்யூ முஸ்லிம். பூசணிக்காயை நான் தூக்கிக்கொண்டு போனபோது "கொடுங்க பாக், எடை ஜாஸ்தி" என்று வாங்கிக்கொண்டார். தொழுகைக்குப் போய்விட்டு வந்து பொரிப் பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டார். இதை ஏன் இத்தனை விவரமாகச் சொல்கிறேன் என்பது பின்னால் புரியும்.

அடுத்த வருடம் என்னையும் கரவாங்குக்கு அனுப்பினார்கள். அங்கே தொழிற்சாலைத் தலைவர் பிரகாஷ் ராவ் சார். சொந்த ஊர் மைசூரு. அவர் மாதிரி ஒரு அதிகாரியை நான் முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மீட்டிங் அறையில் நாற்காலிகளை எடுத்துவிட்டார். நின்றால்தான் சீக்கிரம் முடியும் என்பார். ரிப்போர்ட்டைக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்துக் கடைசி வரியை முதலில் படிப்பார். ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. எங்கள் தொழிலில் ஒரு கோளாறு வந்தால் 'ஏன்?' என்று ஐந்து முறை கேட்டு, ஒவ்வொரு பதிலையும் ஒரு பெரிய தாளில் எழுதி, அடிக்காரணத்துக்குப் போக வேண்டும் என்பது முறை. ராவ் சார் 'ஏன்' என்று கேட்கமாட்டார். "ஆமேலே?" என்பார். கன்னடத்தில் 'அப்புறம்?' அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையை அவர் நிதானமாகச் சொல்லும்போது, பொய் சொல்ல நினைத்தவனுக்கு வேர்த்துவிடும்.

தொழிற்சாலை திறப்பு விழாவில் இரண்டு சடங்குகளும் நடந்தன. அவர்கள் வழக்கப்படி மஞ்சள் சோற்றைக் கூம்பாகக் குவித்து, ஒரு பெரியவர் துவா ஓதி, உச்சியை வெட்டிப் பரிமாறினார்கள். நம் வழக்கப்படி முதல் மெஷினுக்குப் பூஜை. ஓசூர் மலைக் கோயிலிலிருந்து நான் கொண்டுபோன சந்தனத்தைக் குழைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, மெஷினில் அங்கங்கே பொட்டு வைத்தேன். பக்கத்தில் சேர்மன் நின்றார், போட்டோ எடுத்தார்கள். "சோத்துலயும் மஞ்சள், மெஷின்லயும் மஞ்சள்" என்று வாஹ்யூ தன் ஓசூர்த் தமிழில் சிரித்தார். அந்த மெஷினை ஓட்டப்போகிறவர் அவர்தான்.

அடுத்த வாரமே பிரச்சினை வந்தது. அசெம்பிளியில் தண்டு உள்ளே போகவில்லை என்று கேஸ்கள் திரும்பி வந்தன. அளந்து பார்த்தேன், துளை சாய்ந்திருந்தது. எல்லாம் வாஹ்யூ ஓட்டிய மெஷினில் வந்தவை.

இந்த இடத்தில் மெஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், பயப்படாதீர்கள். தண்டுக்கான துளையைப் போடுவதே அந்த மெஷின்தான். அதற்குள் கேஸ் மூன்று சிறிய மேடைகள் மேல் உட்காரும். ஒவ்வொரு மேடையிலும் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை, அதன் வழியே காற்று வந்துகொண்டிருக்கும். கேஸ் நன்றாகப் படிந்து உட்கார்ந்தால் துளை மூடும், காற்று வெளியே போகாது, பச்சை விளக்கு எரியும். அடியில் ஒரு அலுமினியச் சீவல் மாட்டியிருந்தால் கேஸ் தூக்கிக்கொள்ளும், காற்று கசியும், சிவப்பு எரியும், மெஷின் ஓடாது. அதாவது தப்பாக வைத்தால் மெஷினே தடுத்துவிடும்.

"பச்சை எரிஞ்சுது. எல்லாத்துக்கும் பச்சைதான்" என்று வாஹ்யூ சொன்னார். யாரும் நம்பவில்லை. பச்சை எரிந்திருந்தால் துளை எப்படிச் சாயும்? சீவலைத் துடைக்காமல், விளக்கையும் ஏமாற்றி ஓட்டியிருக்கிறார் என்று உற்பத்திப் பிரிவு எழுதியது. இரண்டாம் நாள் அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். இன்னொரு கடிதம் வந்தால் வேலை போய்விடும்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. மூன்றாம் நாள் காலையில் மெல்லிய தகட்டுத் துண்டு ஒன்றை எடுத்தேன். வேண்டுமென்றே அதை முதல் மேடையில் வைத்து மேலே கேஸை ஏற்றினேன். சிவப்பு. இரண்டாம் மேடையில் வைத்தேன். சிவப்பு. மூன்றாம் மேடையில் வைத்தேன், பச்சை எரிந்தது. வாஹ்யூ டார்ச் பிடிக்க, மூன்றாவது துளையில் ஊசியை விட்டுக் குடைந்தேன். மஞ்சளாக ஒரு பொடி வந்தது. மூக்கருகே கொண்டுபோனேன்.

சந்தனம். மலைக் கோயில் சந்தனம்!

கண்ணை மூடிக்கொண்டு நான் வைத்த பொட்டு துளைக்குப் பக்கத்தில் விழுந்திருக்கிறது. குளிர்விக்கும் நீர் பட்டுக் கரைந்து, துளைக்குள் இறங்கி, காய்ந்து கல்லாகிவிட்டது. துளை எப்போதும் மூடியே கிடந்ததால் விளக்கும் எப்போதும் பச்சை. இத்தனை வருடம் மற்றவர்கள் தப்பைச் சிவப்பில் எழுதிய நான், ஒரு துளையை நானே அடைத்திருக்கிறேன். ஓசூர்க்காரனைத் தவிர வேறு யாருக்கும் இந்தத் தப்பைச் செய்ய வராது.

ஊசியை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டேன். "என்ன பாக்?" என்றார் வாஹ்யூ. "அழுக்கு" என்றேன். இதை எழுதும்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ராவ் சாரிடம் போனேன்.

"மூணாவது ஓட்டை அடைச்சிருந்துச்சு சார்."

"ஆமேலே?"

"கேஸ் சரியா உக்காராமயே பச்சை எரிஞ்சிருக்குது."

"ஆமேலே?"

"அடைச்சது சந்தனம் சார்."

அவர் ரிப்போர்ட்டைக் கீழே வைத்தார். "ஆமேலே?"

"வச்சது நான்தான்."

அதற்குமேல் அவர் ஆமேலே கேட்கவில்லை. "முனிராஜ், அந்தப் பூஜைல சேர்மன் உன் பக்கத்துல நின்னாரு. அந்தப் போட்டோ ஓசூர் ஆபீஸ் சுவத்துல மாட்டியிருக்குது. இத நான் ரிப்போர்ட்ல ஏத்தணுமா?" என்றார். வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டு நின்றேன். அவர் பேனாவை எடுத்துக் கடைசி வரியில் 'துளையில் அந்நியப் பொருள்' என்று எழுதினார்.

வாஹ்யூ வேலையில் நீடித்தார். ஆனால் துளையைச் சுத்தமாக வைப்பதும் ஓட்டுகிறவர் பொறுப்பு என்று கடிதம் கோப்பிலேயே இருந்தது. அந்தக் கடிதத்தால் அவருக்கு வர வேண்டிய லைன் லீடர் பதவி ஒரு வருடம் தள்ளிப்போனது. நான் செய்ததெல்லாம் ஒன்றுதான். ஐந்து 'ஏன்' எழுதும் பெரிய தாளில் முழுக் காரணத்தையும் என் கையால் எழுதி, 'முனிராஜ் வைத்த சந்தனம்' என்று முடித்து, யாரிடமும் கொடுக்காமல் மடித்து என் பாஸ்போர்ட் உறையில் வைத்துக்கொண்டேன். கோழைத்தனத்துக்கும் ஒரு ஆவணம் வேண்டுமே.

வேலை முடிந்து ஊர் திரும்பினேன், பிறகு ஓய்வும் பெற்றேன். மத்திகிரியில் சொந்த வீடு, மாலையில் நடை, சரோஜாவின் கிண்டல் என்று போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் நந்தினி வந்தார்.

பெங்களூரில் ஆராய்ச்சி செய்கிறவர், முப்பது வயதுதான் இருக்கும். ஜாவாவில் இந்தியக் கம்பெனிகள் நடத்தும் தொழிற்சாலைகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். கரவாங்கில் வேலை செய்த ஓசூர்க்காரர்களைத் தேடித் தேடிப் பேட்டி எடுத்தார். கன்னடமும் தமிழும் கலந்து பேசினார். எனக்கும் சௌகரியமாக இருந்தது, இரண்டு மணி நேரம் பேசினேன். சந்தன விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. சில மாதம் கழித்து, தான் எழுதியதில் தப்பு இருந்தால் திருத்தச் சொல்லிக் கட்டுரையின் வரைவை அனுப்பினார்.

சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். பழைய பழக்கம். ஒன்பதாம் பக்கத்தில் என் கை நின்றுவிட்டது. திறப்பு விழாவில் இந்திய அதிகாரிகள் நடத்திய இந்துச் சடங்கை ஏற்காத உள்ளூர்த் தொழிலாளி ஒருவர், அடுத்த வாரமே வேண்டுமென்று தப்பான பாகங்களை ஓடவிட்டுத் தன் எதிர்ப்பைக் காட்டினார், அதற்காக எச்சரிக்கைக் கடிதமும் பெற்றார் என்று எழுதியிருந்தார். பெயர் போடவில்லை. ஆனால் முதல் மெஷினை ஓட்டியவர் யார் என்று கரவாங்கில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

போன் போட்டேன். "இது யார் சொன்னது?"

"யாரும் சொல்லலை சார். பூஜை நடந்த தேதி ஒரு கோப்புல இருக்குது. அடுத்த வாரம் கடிதம் குடுத்த தேதி இருக்குது. பூஜை முடிஞ்ச கையோட பிரச்சினை வந்துச்சுன்னு உங்க கூட வேலை செஞ்சவங்க ஒருத்தரும் சொன்னாரு. மூணையும் சேர்த்துப் பார்த்தேன்."

நான் மறைத்த ஒரு வரியின் இடத்தில் அந்தப் பெண் நியாயமாகவே வேறொன்றை எழுதிவிட்டார். எனக்குப் பூசணிக்காய் தூக்கிய மனிதர், மதத்துக்காக வேலையைக் கெடுத்தவர் என்று அச்சில் வரப்போகிறார். அதுவும் உலகமெல்லாம் படிக்கும் பத்திரிகையில்.

"அது தப்பும்மா. அடைச்சது நான்" என்று எல்லாவற்றையும் சொன்னேன். கொட்டித் தீர்த்தேன் என்றே சொல்ல வேண்டும்.

"ஆதாரம் இருக்குதா சார்?" என்றார். பாஸ்போர்ட் உறையிலிருந்து தாளை எடுத்துப் போட்டோ பிடித்து அனுப்பினேன். மறுநாள் அவரே நேரில் வந்துவிட்டார். அந்தப் பகுதியை எடுத்துவிடுவதாகச் சொன்னார். "ஆனா இத நான் சொன்னா ஒரு அடிக்குறிப்பாத்தான் போகும். நீங்களே வந்து சொல்லுங்க. நான் பேசப்போற மாநாட்டுல, களத்துல வேலை செஞ்சவங்களுக்குன்னே ஒரு அமர்வு இருக்குது. பட்டம் கேக்கமாட்டாங்க. தேர்வானா பயணச் செலவும் அவங்களே பார்த்துக்குவாங்க."

பையன்களே, இதைக் கவனியுங்கள். இப்படி ஒரு வாசல் இருப்பதே நமக்குத் தெரியாது. வியட்நாமில் மெஷின் நிறுவியவன், தாய்லாந்தில் வெல்டிங் சொல்லிக்கொடுத்தவன் என்று நம் தெருவிலேயே எத்தனை பேர் இருக்கிறார்கள்! நாம் பார்த்ததை நாமே சொல்ல அங்கே இடம் வைத்திருக்கிறார்கள். கேட்டு விண்ணப்பிக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் சுருக்கம் அனுப்ப வேண்டும், இருநூற்றைம்பது வார்த்தைக்குள். நான் எனக்குத் தெரிந்த மாதிரி எழுதினேன்: பிரச்சினை, காரணம், எடுத்த நடவடிக்கை, பொறுப்பாளர். நந்தினி ஆங்கிலத்தை மட்டும் சரிசெய்தார், அமைப்பில் கை வைக்கவில்லை. உங்கள் கட்டுரை எழுப்பும் கேள்வி என்ன என்று மாநாட்டுக்காரர்கள் திருப்பிக் கேட்டார்கள். 'ஏன்? ஐந்து முறை' என்று ஒரே வரியில் பதில் போட்டேன். ஏற்றுக்கொண்டோம் என்று கடிதம் வந்தது! அன்றைக்கு மத்திகிரித் தெருவில் நான் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்.

"தப்பு பண்ணதுக்கு ப்ளேன்ல கூட்டிக்கினு போறாங்களா? நானும் எத்தன தப்பு பண்ணியிருக்கேன், ஒரு பஸ்ஸு டிக்கெட்டு கூட யாரும் எடுத்துத் தரல" என்றாள் சரோஜா. ஆனால் பெட்டியில் என் நல்ல சட்டையை மடித்து வைத்தது அவள்தான். "அவர்கிட்ட நேரா மன்னிப்பு கேளுங்க. மைக்குல கேட்டா மட்டும் பத்தாது" என்றும் சொன்னாள்.

இரண்டு பேரிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. மைசூருவில் ஓய்வாக இருக்கும் ராவ் சாருக்குப் போன் செய்தேன். நான் சொல்லச் சொல்ல "ஆமேலே? ஆமேலே?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "போய் சொல்லு முனிராஜ். அந்நியப் பொருள்னு எழுதினவன் நான்னும் சேர்த்துச் சொல்லு" என்றார். வாஹ்யூவுக்கு எழுதினேன். யோக்யகர்த்தாவில் இன்ன தேதியில் பேசுகிறேன், அவர் பெயரைச் சொல்லலாமா என்று மட்டும் கேட்டேன், மற்றதைச் சொல்லத் தைரியம் வரவில்லை. 'பரவால்ல பாக்' என்று இரண்டே வார்த்தை பதில் வந்தது.

மாநாட்டில் முதல் நாள் எனக்குத் திகைப்பாகத்தான் இருந்தது. எல்லோரும் உட்கார்ந்துகொண்டு தாளைப் பார்த்துப் படித்தார்கள். ஒருவர் தலைப்பைப் படிக்கவே மூச்சு வாங்கினார். இடைவேளையில் ஒருவருக்கொருவர் முகவரிச் சீட்டு கொடுத்துக்கொண்டார்கள். என்னிடம் சீட்டு இல்லை. சரோஜா கட்டிக் கொடுத்த கடலை மிட்டாயைக் கொடுத்தேன். இரண்டாம் நாள் காலையில் ஒரு பேராசிரியர் என்னைத் தேடிக்கொண்டு வந்து இன்னும் ஒன்று கிடைக்குமா என்றார்.

என் முறை வந்தது. அமர்வுத் தலைவர் ஒரு வயதான ஜாவா அம்மையார். மேசையில் மூன்று அட்டை வைத்திருந்தார். ஐந்து நிமிடம் பாக்கி, ஒரு நிமிடம் பாக்கி, முடிந்தது. பதினைந்து நிமிடத்துக்குமேல் பேசினால் யாராக இருந்தாலும் மூன்றாவது அட்டைதான். நாற்காலியை நகர்த்திவிட்டு நின்றேன். என் பெரிய தாளைச் சுவரில் ஒட்டினேன். பாதி ஆங்கிலம், பாதி அவர்கள் மொழி, கையில் ஒரு ஊசி.

முதல் ஏன்: தண்டு ஏன் போகவில்லை? துளை சாய்ந்திருந்தது. இரண்டாவது ஏன்: துளை ஏன் சாய்ந்தது? கேஸ் சரியாக உட்காரவில்லை. மூன்றாவது ஏன்: மெஷின் ஏன் தடுக்கவில்லை? காற்றுத் துளை அடைபட்டிருந்தது. இந்த இடத்தில் கூட்டத்தைப் பார்த்தேன். கடைசி வரிசையில் கம்பெனிச் சட்டை போட்ட ஒருவர் மடியில் ஒரு பிளாஸ்டிக் உறையோடு உட்கார்ந்திருந்தார். தலை லேசாக நரைத்திருந்தது. வாஹ்யூ!

லைன் நின்றால் எவ்வளவு நஷ்டம் என்று தெரிந்தவன் நான், நிறுத்தவில்லை. நான்காவது ஏன்: துளையை அடைத்தது எது? சந்தனம். ஐந்தாவது ஏன்: அங்கே சந்தனம் எப்படி வந்தது? "நான் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு வைத்தேன். தெரிந்த பிறகு கையையும் மூடிக்கொண்டேன். கடிதம் வாங்கியவர் அதோ உட்கார்ந்திருக்கிறார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அவர் எந்தச் சடங்கையும் எதிர்க்கவில்லை. பச்சை எரிந்தது என்று அவர் சொன்னது முழு உண்மை" என்றேன். அவரைப் பார்த்துக் கைகூப்பி, அவர்கள் மொழியில் மன்னிப்புக் கேட்டேன்.

ஒன்பது நிமிடத்தில் முடித்துவிட்டேன். ஒரு அட்டையைக்கூட எடுக்க வேலை வைக்காத ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று தலைவர் சொன்னார். கூடம் சிரித்தது. கைதட்டலில் நந்தினியின் கைதான் முதலில் கேட்டது. அதற்குமுன் தன் முறையில் அவர், தேதிகளை மட்டும் அடுக்கிவைத்து எப்படித் தவறாக எழுதப் பார்த்தேன் என்று தானே எழுந்து சொல்லியிருந்தார். படித்தவர்களில் அப்படிச் சொல்கிறவர்கள் அபூர்வம்.

கேள்வி நேரத்தில் ஒரு பேராசிரியர் எழுந்தார். அந்தப் பூஜையைப் பற்றி உள்ளூர்த் தொழிலாளிகள் உண்மையில் என்ன நினைத்தார்கள் என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் கடைசி வரிசையில் கை உயர்ந்தது.

"அந்தத் தொழிலாளி நான்தான்" என்றார் வாஹ்யூ, தன் மொழியில். கூடம் முழுக்கத் திரும்பியது. "அன்று டார்ச் என் கையில் இருந்தது. ஊசி மஞ்சளாக வெளியே வந்ததைப் பார்த்தேன். அந்த வாசனையும் எனக்குத் தெரியும். ஓசூரில் இவர் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் வரும் வாசனை."

"தெரியுமா? ஏன் பாக் சொல்லலை?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன்.

அவரும் தமிழுக்கு வந்தார். "நீங்க கைய மூடிக்கிட்டீங்க பாக். பெரியவர் மூடின கைய நான் தெறக்கக் கூடாது."

"கோவமே வரலியா?"

"வருத்தம் இருந்துச்சு. இன்னிக்குக் காலைல வரைக்கும் இருந்துச்சு" என்றார். நந்தினி இதைக் கூடத்துக்கு ஆங்கிலத்தில் சொன்னார்.

வாஹ்யூ உறையோடு முன்னால் நடந்து வந்தார். இப்போது அவர்தான் அந்தப் பிரிவுக்கே தலைவர். உள்ளே இருந்த தாள் தெரிய, உறையை அப்படியே என் தாளுக்குப் பக்கத்தில் பிடித்தார். மெஷினின் படம். கட்டுப்பாட்டுப் பெட்டியின் கதவில், மேல் மூலையில், பச்சை வட்டம். காற்றுத் துளைகள் இருக்கும் இடத்தில் சிவப்புக் குறுக்குக்கோடு. தலைப்பு அவர்கள் மொழியில், அதன் கீழே கோணல்மாணலான தமிழ் எழுத்தில் 'சந்தனம் இங்கே'. அவரே எழுதியது.

"நம்ம தொழிற்சாலைல எல்லா மெஷின்லயும் இந்தப் பச்சை வட்டம் ஒட்டியிருக்குது பாக். ஆயுத பூஜைக்கு ஓசூர்லருந்து யார் வந்தாலும் அதுக்குள்ளதான் வைக்கணும். ஒரு தடவகூட ஓட்டை அடைக்கல."

கூடம் வெடித்துச் சிரித்துக் கைதட்டியது. அந்த அம்மையாரும் சேர்ந்து தட்டினார். நான் மட்டும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்திரண்டு வருடம் இந்த மாதிரித் தாள்களைச் சோதித்தவனுக்குக் கண் நேராகக் குறைக்குத்தான் போகும். தயாரித்தவர் கட்டத்தில் அவர் பெயர், தேதி, திருத்த எண் எல்லாம் இருந்தன. 'காரணம்' என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. எந்தத் தணிக்கையிலும் இதைச் சும்மா விடமாட்டார்கள்.

"ஆடிட்டர் கேக்கலியா?" என்றேன்.

"வருஷா வருஷம் கேப்பாங்க. வருஷா வருஷம் குறை எழுதுவாங்க. பரவால்லன்னு வாங்கிக்குவேன்" என்று சொல்லி, பிளாஸ்டிக் உறையிலிருந்து தாளை உருவி என் முன்னால் நீட்டினார். "இப்ப எழுதலாம் பாக்."

அம்மையார் மூன்றாவது அட்டையைத் தூக்கினார். யாரும் அதைப் பார்க்கவில்லை, கொஞ்ச நேரத்தில் அவரே கீழே வைத்துவிட்டார். ஓய்வு பெற்றும் என் சட்டைப்பையில் இரண்டு பேனா இருக்கும். காரணத்தைச் சிவப்பில் எழுதினேன். கையெழுத்தைப் பச்சையில் போட்டேன்.